சிவந்து வந்த முகங்கள்: ஒரு லேப்டாப் திரையை நிறத்துக்குச் சரிசெய்த முழு ஆய்வு

புகார்

போர்ட்ரெய்ட் படங்கள் எடுக்கும் நண்பர் ஒருவர் மேசைக் கணினியை விட்டு லேப்டாப்புக்கு மாறினார். அன்றிலிருந்து அவருடைய பிரிண்டுகளில் இரண்டு குறைகள் விடாமல் வந்தன. முகங்கள் சிவந்திருந்தன. படம் முழுக்க இருண்டிருந்தது. பிரிண்ட் போடும் லேபில் கேட்டதற்கு, “கோப்பில் இருப்பதைத்தான் அடித்திருக்கிறோம்” என்றார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. அதே கோப்புகளை இன்னொரு லேபுக்கு அனுப்பினார். அங்கிருந்தும் சிவந்த முகங்களே வந்தன. வாடிக்கையாளர்களும் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, “முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?” என்றே கேட்டார்கள்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு லேபும் பல போன்களும் ஒரே பேச்சைப் பேச, ஒரே ஒரு லேப்டாப் மட்டும் வேறு சொல்கிறது என்றால் சந்தேகம் அந்த லேப்டாப்பின் மேல்தான் விழ வேண்டும். இதற்குள் நண்பர் தன் வழியில் ஒரு வைத்தியமும் செய்திருந்தார். பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கிராஃபிக்ஸ் டிரைவரின் நிற ஸ்லைடர்களை நகர்த்தித் திரையைப் பிரிண்டோடு ஒத்துப்போக வைக்கப் பார்த்திருந்தார். ஒரு படத்துக்கு ஒத்து வந்தது. அடுத்த படத்துக்கு ஒத்து வரவில்லை.

கண்ணால் செய்யும் கேலிப்ரேஷன் (திரையை ஒரு அளவுக்குச் சரிசெய்வது) ஏன் தோற்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த வெள்ளையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் கண் அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். நீலம் கலந்த திரையின் முன் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நீலம் மறைந்துவிடும். விண்டோஸிலும் மேக்கிலும் கண்ணால் சரிசெய்வதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. சாம்பல் நிறப் படிகள் தெரிகின்றனவா, காமா, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சம் ஏறும் வளைவு, ஏறக்குறைய சரியா என்று பார்க்க அவை உதவும். திரையின் வெள்ளை எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்னும் வெண்புள்ளியை அவற்றை நம்பி முடிவு செய்யக் கூடாது. அதனால் டிரைவரில் மாற்றிய எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குத் திருப்பச் சொன்னேன்.

மங்கிய திரை எப்படிச் சிவந்த பிரிண்டைத் தரும்

லேப்டாப்பின் பேனல் (திரைத் தகடு) எண்ணை வைத்துத் தேடியதில் விடையின் பாதி கிடைத்தது. 15.6 அங்குல ஐபிஎஸ் பேனல், நிற அளவு 45 சதவீதம் என்டிஎஸ்சி. விலை குறைந்த, நடுத்தர லேப்டாப்களில் மிகப் பரவலாக இருக்கும் வகை இது. என்டிஎஸ்சி என்பது 1953-ஆம் ஆண்டு வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த பழைய நிற வெளி, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் எல்லை. பேனல் தயாரிப்பாளர்கள் இன்றும் அதன் பரப்போடு ஒப்பிட்டே சதவீதம் சொல்கிறார்கள். இணையமும் பெரும்பாலான திரைகளும் பொதுவாகப் பின்பற்றும் நிற வெளியான எஸ்ஆர்ஜிபியின் பரப்பு அதில் ஏறத்தாழ 71 சதவீதம். ஆகவே 45 சதவீதப் பேனல் என்றால் எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் திரையால் காட்டவே முடியாது. ‘ஃபுல் எச்டி, ஐபிஎஸ்’ என்று போட்டிருந்தால் போதும் என்று நினைத்து வாங்குகிறோம். ஐபிஎஸ் என்பது பார்வைக் கோணத்தைப் பற்றிய தகவல். நிற அளவுக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. படம் எடிட் செய்ய வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம் என்பதைத்தான்.

ஒரு திரையின் நிறங்கள் உண்மையில் எப்படிப்பட்டவை என்று சொல்லும் கோப்புதான் புரொஃபைல். அது இல்லாத நிலையில் விண்டோஸ் இந்தத் திரையை எஸ்ஆர்ஜிபி திரை என்றே எடுத்துக்கொள்கிறது. கோப்பில் சிவப்பு 200 என்று இருந்தால் 200 அப்படியே பேனலுக்குப் போகும். பேனலின் சிவப்போ எஸ்ஆர்ஜிபி சிவப்பைவிட வெளிறியது, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. சரியான தோல் நிறமும் அந்தத் திரையில் ரத்தம் சுண்டியதுபோல் தெரியும். நண்பர் என்ன செய்வார்? வைப்ரன்ஸை (மங்கிய நிறங்களின் செறிவை) ஏற்றுவார், சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் தனியாகச் சாச்சுரேஷன் (நிறச் செறிவு) ஏற்றுவார். தன் திரையில் முகம் உயிர் பெறும் வரை ஏற்றினார். சரியான திரையிலும் காகிதத்திலும் அந்த முகம் சிவந்து எரிந்தது. அவர் கண்ணில் பிழை எதுவும் இல்லை. கண்ணுக்குக் கிடைத்த தகவல்தான் பிழை.

இருட்டுக்குக் காரணம் எளிது. பேட்டரியில் இல்லாதபோது திரையை முழு வெளிச்சத்தில் வைத்தே வேலை செய்திருக்கிறார். அளந்தபோது சதுர மீட்டருக்கு 240 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு) வந்தது. அவர் பிரிண்டைப் பார்க்கும் மேசை விளக்கின் கீழ் வெள்ளைக் காகிதம் ஏறக்குறைய 100 கேண்டெலா காட்டியது. 2.4 மடங்கு வித்தியாசம், அதாவது ஒன்றே கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்). திரை அவ்வளவு பளிச்சென்று இருந்தால் கை தானாக எக்ஸ்போஷரைக் குறைக்கும்; நிழலில் விவரம் இருப்பதாகவும் கண் நம்பிவிடும்.

முதலில் திரையை அசையாமல் நிறுத்துவது

பலரும் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டரை வாங்கிய அன்றே திரையில் தொங்கவிட்டு, மென்பொருள் சொல்லும் பொத்தான்களை அழுத்தி முடித்துவிடுகிறார்கள். லேப்டாப்பில் இது பலிக்காது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகவும் கண்ணுக்கு இதமாக இருப்பதற்காகவும் லேப்டாப் திரை தன்னைத்தானே ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட திரையை அளப்பது தட்டு ஆடிக்கொண்டிருக்கும் தராசில் எடை பார்ப்பதுதான். எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும் வரும் எண் அந்த நொடிக்கு மட்டுமே உண்மை. இந்த ஆய்வில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கேலிப்ரேஷனின் பெரும்பகுதி அளப்பதற்கு முன்பே நடந்து முடிகிறது.

கண்ணுக்குத் தெரிகிறவற்றை எளிதாக அணைத்துவிடலாம். விண்டோஸில் நைட் லைட், மேக்கில் நைட் ஷிஃப்டும் ட்ரூ டோனும், அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையை மாற்றும் தானியங்கி ப்ரைட்னஸ், லேப்டாப் தயாரிப்பாளர் சேர்த்து அனுப்பும் ‘விவிட்’, ‘ஐ கேர்’ வகை மென்பொருள்கள். நண்பரின் லேப்டாப்பில் இவை எல்லாமே முன்பே அணைந்திருந்தன. ஆனாலும் திரை நிற்கவில்லை. வெள்ளையை அளந்தால் ஒரு முறை ஒன்று, அடுத்த முறை வேறொன்று.

இதைக் கண்டுபிடித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டேன். திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் உள்ளங்கை அளவு வெள்ளைச் சதுரம். கலரிமீட்டர் அந்தச் சதுரத்தின் மேல். வாசிப்பைக் குறித்துக்கொண்டேன். பிறகு கருவியைத் தொடாமல், சுற்றியிருந்த கறுப்பை வெள்ளையாக்கினேன். கருவிக்கு அடியில் இருப்பது அதே 255, 255, 255 வெள்ளை. பின்னொளி நிலையாக இருக்கும் எல்சிடியில் எண் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். இங்கே எண் மெல்ல மெல்ல ஏறியது. சில நொடிகள் எடுத்து, படிப்படியாக மேலே போய் நின்றது. மறுபடி கறுப்பாக்கினேன்; அதே வேகத்தில் இறங்கியது. ஏற்றமும் இறக்கமும் அவ்வளவு மெதுவாக நடந்ததால் திரையையே பார்த்துக்கொண்டிருந்த நண்பரின் கண்ணுக்கு எதுவும் படவில்லை. கருவிக்கு மட்டும் தெரிந்தது.

இன்டெல் கிராஃபிக்ஸில் இருக்கும் டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ் வசதியின் வேலை இது. படம் இருண்டிருந்தால் பின்னொளியைக் குறைத்து, அதை ஈடுகட்டப் பிக்சல்களின் மதிப்பை ஏற்றிக் காட்டும். ஏஎம்டியில் இதற்கு வேரி-ப்ரைட் என்று பெயர். விண்டோஸ் 11 டிஸ்ப்ளே அமைப்பிலும் படத்தின் உள்ளடக்கத்தைப் பொறுத்து ப்ரைட்னஸை மாற்றும் தெரிவு ஒன்று இருக்கிறது. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து அணைக்க வேண்டும். இருண்ட பின்னணியில் எடுத்த போர்ட்ரெய்டையும் வெள்ளைப் பின்னணியில் எடுத்ததையும் அடுத்தடுத்து எடிட் செய்பவருக்கு இந்த வசதி செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வேறு திரை கிடைக்கிறது. கேலிப்ரேஷன் மென்பொருளும் பெரும்பாலும் இருண்ட பின்னணியில்தான் நிறச் சதுரங்களைக் காட்டும் என்பதால் அளவீடே கெட்டுவிடும்.

அணைத்தபின் அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். எண் அசையவில்லை. அதன்பின் சார்ஜரைச் செருகி, எடிட் எப்போதும் மின்இணைப்பில்தான் என்று முடிவு செய்துகொண்டோம். திரையை அரை மணி நேரம் எரியவிட்டோம். பின்னொளி சூடேறி நிலைக்கு வர அவ்வளவு நேரம் கொடுப்பது நல்லது.

கீலின் கோணத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஐபிஎஸ்ஸிலும் மேலிருந்து கீழ் பார்க்கும்போது கறுப்பு வெளுக்கும். திரைக்கு நேராகக் கண் இருக்கும்படி மூடியைச் சாய்த்து, அந்த நிலையைக் கீல் பக்கத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாளால் குறித்துக்கொண்டார்.

எவ்வளவு வெளிச்சம்

எஸ்ஆர்ஜிபியை எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் முன்வைத்தன. 1999-ல் அது ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் தரமானது. அதில் திரையின் வெளிச்சம் 80 கேண்டெலா. அன்றைய குழாய்த் திரைகளுக்கும் மங்கிய அறைக்கும் அது பொருந்தியது. இன்று 80 முதல் 120 வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த இடைவெளிக்குள் எந்த எண் என்பதை, பிரிண்டைப் பார்க்கும் விளக்குதான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

கணக்கு சுலபம். காகிதத்தின் மேல் விழும் ஒளியை லக்ஸில் அளந்து, 0.9 ஆல் பெருக்கி, பை (3.14) என்ற எண்ணால் வகுத்தால் வெள்ளைக் காகிதத்தின் வெளிச்சம் கேண்டெலாவில் வரும். 350 லக்ஸ் விழுந்தால் 100 கேண்டெலா. 500 லக்ஸ் என்றால் 143. பிரிண்ட் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3664 தரம் நடைமுறை மதிப்பீட்டுக்கு 500 லக்ஸ், நுட்பமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸ் என்கிறது. 2000 லக்ஸில் காகிதம் 570 கேண்டெலாவைத் தாண்டும். அந்த வெளிச்சத்தில் வைத்த பிரிண்டோடு எந்தச் சாதாரண லேப்டாப்பும் போட்டி போட முடியாது. லேபின் ஒப்பீட்டுப் பெட்டிக்குள் அழகாகத் தெரிந்த பிரிண்ட் வீட்டுச் சுவரில் இருண்டு தெரிவதும் இதனால்தான்.

லக்ஸ் மீட்டர் இல்லாதவர்கள் கேமராவையே பயன்படுத்தலாம். ஸ்பாட் மீட்டரிங்கில் வைத்து, விளக்கின் கீழ் இருக்கும் வெள்ளைக் காகிதத்தையும் திரையில் விரித்த வெற்று வெள்ளைப் பக்கத்தையும் மாறி மாறி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரே ஷட்டர் வேகம் வரும்வரை திரையைக் குறையுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/15 நொடி என்று கேமரா சொன்னால் அது ஏறத்தாழ 120 கேண்டெலா. கருவி அளவுக்குத் துல்லியம் இல்லை. ஒன்றே கால் ஸ்டாப் பிழையைப் பிடிக்க இதுவே தாராளம்.

நாங்கள் 100 கேண்டெலாவில் நிறுத்தினோம். முதல் நாள் நண்பருக்குத் திரை அழுக்காகத் தெரிந்தது. அறையின் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, முகத்துக்கு நேராக எரிந்த விளக்கைத் திரைக்குப் பின்பக்கம் நகர்த்தியதும் அந்தக் குறை தீர்ந்தது.

வெண்புள்ளி: எவ்வளவு விட்டுக்கொடுப்பது

கருவி எக்ஸ்-ரைட் ஐ1 டிஸ்ப்ளே ப்ரோ வகைக் கலரிமீட்டர். மென்பொருள் டிஸ்ப்ளேகால், அதற்கு அடியில் அளவீட்டு வேலையைச் செய்வது கிரேம் கில் எழுதிய ஆர்கில்சிஎம்எஸ். டிஸ்ப்ளேகாலின் மூலத் திட்டம் நின்றுபோய்விட்டது. பைத்தான் 3-க்கு மாற்றிய சமூகப் பதிப்பைப் பயன்படுத்தினோம். பேனலின் பின்னொளி வகையைக் கருவிக்குச் சொல்லும் இடத்தில் ‘வெள்ளை எல்இடி’ என்று தேர்ந்தெடுத்தோம். நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசிய இந்த வகை எல்இடியும் ஓஎல்இடியும் வேறு வேறு அலைநீளங்களில் உச்சம் காட்டும். கலரிமீட்டர் வடிகட்டிகள் வழியாகப் பார்ப்பதால் பின்னொளி எது என்று தெரியாமல் சரியான எண் தராது. இந்தத் தெரிவைக் கவனிக்காமல் கடப்பவர்கள் அதிகம்.

திரையின் இயல்பான வெள்ளை 7400 கெல்வினுக்குப் பக்கத்தில், நீலம் சாய்ந்து இருந்தது. இலக்கு டி65 என்ற பகல் வெளிச்ச வெள்ளை. ‘6500 கெல்வின்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. ஒரே வெப்பநிலையில் பச்சை சாய்ந்த வெள்ளையும் உண்டு, மெஜந்தா சாய்ந்த வெள்ளையும் உண்டு. டி65 என்பது நிற வரைபடத்தில் எக்ஸ் 0.3127, ஒய் 0.3290 என்ற ஒரே புள்ளி. அளவீடு அந்தப் புள்ளியைப் பிடிக்க வேண்டும்.

தனி மானிட்டரில் சிவப்பு, பச்சை, நீலத்தை மானிட்டருக்குள்ளேயே சரிசெய்யும் பட்டன்கள் இருக்கும். லேப்டாப்பில் அவை கிடையாது. பின்னொளி ஒன்றுதான் கையில் இருக்கிறது. மற்ற எல்லாத் திருத்தமும் கிராஃபிக்ஸ் சிப்பில் இருக்கும் ஒரு அட்டவணை வழியாகவே நடக்கும். நீலத்தின் ஒளியை 15 சதவீதம் குறைக்க வேண்டுமென்றால், காமா 2.2-ல் 255 என்று போக வேண்டிய எண் 237 ஆகிவிடும். 256 படிகளை 238 படிகளுக்குள் அடக்கியாக வேண்டும். சில படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேனலோ 6 பிட். நிறத்துக்கு 64 படிகள்தான் அதற்குச் சொந்தம். மீதியை வேகமாக மின்னவைத்துப் பாவனை காட்டுகிறது. ஆக, திருத்தம் கூடக்கூட வானத்தின் சாயல்மாற்றத்தில் பட்டைகள் எழும். கான்ட்ராஸ்ட்டும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் வெள்ளை இறங்குகிறது, கறுப்பு அப்படியே நிற்கிறது.

இதனால் சிலர் லேப்டாப்பில் வெண்புள்ளியைத் தொடவே வேண்டாம், இயல்பிலேயே விட்டுவிடலாம் என்கிறார்கள். திரையை மட்டும் பார்த்து வேலை செய்பவருக்கு, கண் பழகிக்கொள்ளும் என்பதால், அது நல்ல யோசனை. பிரிண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவருக்கு ஒத்துவராது. வெதுவெதுப்பான விளக்கின் கீழ் காகிதமும் 7400 கெல்வினில் திரையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கண் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பழக முடியாது. நண்பருக்கு டி65 என்று முடிவு செய்தோம். பிறகு கறுப்பு முதல் வெள்ளை வரை ஓடும் சாயல்பட்டையை விரித்துப் பார்த்தோம். இருண்ட பகுதியில் இரண்டு இடத்தில் மெல்லிய படி தெரிந்தது. முகங்களில் எதுவும் தெரியவில்லை. ஏற்றுக்கொள்ளக்கூடிய விலை.

காமா 2.2-ஆ, எஸ்ஆர்ஜிபி வளைவா என்ற விவாதத்துக்கு இங்கே அதிக இடம் தர மாட்டேன். நிற மேலாண்மை தெரிந்த மென்பொருள் புரொஃபைலைப் படித்து அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். பேனலின் இயல்புக்கு எது பக்கமோ அதை வைத்தால் அட்டவணைக்கு வேலை குறையும். எங்களுக்கு 2.2 பக்கம்.

கேலிப்ரேஷன் வேறு, புரொஃபைல் வேறு

அளவீடு முடிந்ததும் நண்பர் டெஸ்க்டாப்பைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. “சிவப்பு இன்னும் செத்துப்போய்தானே இருக்கு?” என்றார். வெள்ளையும் சாம்பலும் சரியாகிவிட்டன. ஐகான்களின் சிவப்பு மட்டும் அப்படியே மங்கலாக இருந்தது.

அப்படித்தான் இருக்கும். கிராஃபிக்ஸ் அட்டவணை திரை முழுவதற்கும் வெள்ளை, சாம்பல், காமாவைச் சரிசெய்கிறது. திரையின் சிவப்பு எவ்வளவு சிவப்பு என்ற தகவலோ ஐசிசி புரொஃபைலுக்குள் எழுதியிருக்கிறது. அதைப் படித்து ஒவ்வொரு நிறத்தையும் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. லைட்ரூம் கிளாசிக், ஃபோட்டோஷாப், டார்க்டேபிள், ஜிம்ப் ஆகியவை படிக்கும். ஐகான்களும் பல எளிய படம் காட்டும் செயலிகளும் படிக்காது. ஒரே போர்ட்ரெய்டை ஃபோட்டோஷாப்பிலும் ஒரு சாதாரண வியூயரிலும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து காட்டினேன். வியூயரில் கன்னம் சாம்பல் பூத்த மஞ்சளாக இருந்தது. ஃபோட்டோஷாப்பில் அதே கன்னத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. உதட்டுக்கும் கன்னத்துக்கும் இடையிலான நிற வித்தியாசம் முதல்முறையாகப் பிரிந்து தெரிந்தது. கூடவே, அவர் தோலுக்கு ஏற்றிவைத்திருந்த அதிகப்படியான சிவப்பும் தெரிந்தது. பிரிண்டில் பார்த்த அதே சிவப்பு. வாடிக்கையாளர்கள் பார்த்ததை அவர் தன் திரையில் பார்த்தது அப்போதுதான்.

புரொஃபைல் வகையில் வளைவும் மேட்ரிக்ஸும் கொண்ட எளிய வகையைத் தேர்ந்தெடுத்தோம். பெரிய அட்டவணை வகை கணக்கில் துல்லியம் கூடுதலாகக் காட்டும். 6 பிட் பேனலில் அது சாயல்மாற்றங்களை முரடாக்கிவிடும் என்பதால் வழவழப்பே முக்கியம் என்று நினைத்தேன். ஃபோட்டோஷாப் புதிய புரொஃபைலை எடுத்துக்கொண்டதா என்று பார்க்க, கலர் செட்டிங்ஸில் ஆர்ஜிபி பட்டியலை விரித்தால் ‘மானிட்டர் ஆர்ஜிபி’ என்பதற்குப் பக்கத்தில் அதன் பெயர் தெரியும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதையே எடிட் செய்யும் நிற வெளியாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு திரையின் குறைகளைக் கோப்புக்குள் எழுதிவைத்ததாகிவிடும். ஃபயர்ஃபாக்ஸில் நிற மேலாண்மைக்கான எண்ணை 2-லிருந்து 1-க்கு மாற்றினோம். புரொஃபைல் இல்லாத படங்களையும் அது எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும்.

சரிபார்ப்பு, அதில் இருக்கும் ஏமாற்று

நிற வித்தியாசத்தை டெல்டா ஈ என்ற எண்ணால் சொல்கிறோம். 2001-ல் சிஐஇ என்ற சர்வதேச ஒளி ஆணையம் பரிந்துரைத்த டெல்டா ஈ 2000 கணக்கில் ஒன்றுக்குக் கீழ் இருந்தால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. கேலிப்ரேஷன் மென்பொருள் வேலையை முடித்தவுடன் ஒரு சராசரி எண்ணைக் காட்டிப் பாராட்டும். பல நேரங்களில் அது, புரொஃபைல் தன்னை உருவாக்கிய அதே சதுரங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் சொல்கிறது. தானே கேட்ட கேள்விக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்.

அதனால் இரண்டு வகையில் சரிபார்த்தோம். முதலாவது, புதிய சதுரங்களை வைத்து, திரை தன் புரொஃபைல் சொன்னபடி நடக்கிறதா என்று. சராசரி ஒன்றுக்குக் கீழ். மிக இருண்ட நீலங்களில் மட்டும் இரண்டைத் தாண்டியது. நல்ல முடிவு. இரண்டாவது, இதே திரை எஸ்ஆர்ஜிபியைக் காட்டுகிறதா என்று. சாம்பலும் தோல் நிறங்களும் நன்றாக வந்தன. முழுச் சிவப்பும் முழு நீலமும் படுதோல்வி. முதல் அறிக்கையை மட்டும் பார்த்தால் திரை அருமை. இரண்டாவதைப் பார்த்தால் திரையின் எல்லை தெரியும். எடிட் செய்பவருக்கு இரண்டாவதுதான் அதிகம் பயன்படும். பேனலில் இல்லாத சிவப்பை எந்தப் புரொஃபைலும் வரவழைக்காது.

எந்தப் படத்தில் திரை பொய் சொல்கிறது என்று அறிய லைட்ரூம் கிளாசிக்கிலேயே வழி இருக்கிறது. பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃபிங்கை இயக்கி, ஹிஸ்டோகிராமின் இடது மேல் மூலையில் இருக்கும் குறியைச் சொடுக்கினால், மானிட்டரால் காட்ட முடியாத பகுதிகள் நீலமாக மாறும். அவருடைய போர்ட்ரெய்டுகளில் முகங்கள் சுத்தமாக இருந்தன. கருஞ்சிவப்புச் சட்டை போட்ட ஒருவரின் படத்தில் சட்டை முழுக்க நீலம் படிந்தது. அந்தச் சட்டையின் மடிப்புகளில் இருக்கும் நிற வேறுபாடு இந்தத் திரையில் தட்டையாகிவிடும் என்று அர்த்தம். இப்படி நீலம் படியும் படங்களை மட்டும், எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டும் வெளி மானிட்டரில் பார்த்துவிட்டு அனுப்புவது என்று முடிவானது. மற்றவற்றுக்கு லேப்டாப் போதும்.

தூங்கி எழுந்ததும் மறந்துபோகும் திரை

மறுநாளே ஒரு சிக்கல். காலையில் மூடியைத் திறந்தபோது திரை மறுபடி நீலமாக இருப்பதாகச் சொன்னார். கிராஃபிக்ஸ் அட்டவணை சிப்பின் நினைவில் இருக்கும் ஒன்று. உறக்கத்திலிருந்து எழும்போதும், டிரைவர் மறுதொடக்கம் ஆகும்போதும், சில முழுத்திரை விளையாட்டுகளைத் திறந்து மூடும்போதும் அது அழிந்துவிடலாம். புரொஃபைலோ அட்டவணை இருப்பதாக நம்பிக்கொண்டு தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். இந்த நிலை கேலிப்ரேஷனே செய்யாததைவிட மோசம், ஏனென்றால் இப்போது ஃபோட்டோஷாப்பும் தவறாகக் காட்டுகிறது.

விண்டோஸின் கலர் மேனேஜ்மென்ட்டில் விண்டோஸ் கேலிப்ரேஷனைப் பயன்படுத்தும் தெரிவும், அட்டவணையைச் சிப்பில் ஏற்றும் டிஸ்ப்ளேகாலின் ஏற்றியும் (லோடர்) இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினோம். டிஸ்ப்ளேகாலின் ஏற்றி அட்டவணை அழிந்ததா என்று அடிக்கடி பார்த்துத் திரும்ப ஏற்றுவதால் அதை வைத்துக்கொண்டோம். சாம்பல் சாயல்பட்டைப் படம் ஒன்றை டெஸ்க்டாப்பில் போட்டுவைத்திருக்கிறார். வேலையைத் தொடங்கும் முன் ஒரு பார்வை. சாம்பலில் நீலம் ஏறியிருந்தால் ஏற்றியைக் கையால் ஓடவிடுகிறார். மாதம் ஒருமுறை புதிதாக அளப்பதும் வழக்கமாகிவிட்டது.

பழைய கோப்புகள்

சோதனைக்காக ஒரே போர்ட்ரெய்டைப் புதிதாக எடிட் செய்து, எஸ்ஆர்ஜிபியில் ஏற்றுமதி செய்து, முன்பு குறை வந்த அதே லேபுக்கு எந்தத் திருத்தமும் வேண்டாம் என்ற குறிப்போடு அனுப்பினார். வந்த பிரிண்டை மேசை விளக்கின் கீழ் வைத்துத் திரையோடு ஒப்பிட்டோம். முகம் ஒத்துப்போனது. முடியின் இருண்ட பகுதியில் பிரிண்ட் திரையைவிடக் கொஞ்சம் அடர்த்தி; காகிதத்தின் கறுப்புக்கும் திரையின் கறுப்புக்கும் எப்போதும் இருக்கும் வித்தியாசம் அது. லேபின் காகிதப் புரொஃபைலை வாங்கி சாஃப்ட் புரூஃபில் போட்டுப் பார்த்தபோது அந்த அடர்த்தியும் திரையில் முன்கூட்டியே தெரிந்தது.

மிச்சம் இருந்தது மங்கிய திரையில் எடிட் செய்து சேர்ந்துகிடந்த படங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கழித்துவிடலாமா என்று கேட்டார். சாச்சுரேஷனுக்கு ஓரளவு செய்யலாம்: அவர் இறக்குமதியின்போது தானாக ஏறும்படி வைத்திருந்த முன்அமைப்பில்தான் வைப்ரன்ஸும் சிவப்பு, ஆரஞ்சு ஏற்றமும் இருந்தன. அதை நீக்கி, பழைய படங்களிலும் அந்த மூன்று மதிப்புகளையும் மொத்தமாகச் சுழியாக்கினோம். எக்ஸ்போஷருக்கு அப்படிச் செய்ய முடியாது. பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எடிட் செய்த படம் ஒரு அளவிலும் இரவில் செய்தது வேறு அளவிலும் இருண்டிருந்தன. மறு பிரிண்ட் கேட்டு வருகிற படங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, எக்ஸ்போஷரைப் புதிதாகப் பார்த்து அனுப்புகிறார். மற்றவை கேட்கும்வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.